மகாபலிபுரம் தாண்டியும் ஊர் இருக்குங்க!

ஊர் எதுன்னு கேட்கறவங்ககிட்ட மதுராந்தகம்னு சொன்னா மூணு விதமான பதில்தான் வரும். ஒண்ணு, "ஓ, மேல்மருவத்தூர் பக்கமா?" ரெண்டு, "வேடந்தாங்கல் போற வழியில வருமே!" மூணாவது ரொம்ப நேர்மையான பதில்: "பரனூர் டோல்கேட்டுக்கும் ஆத்தூர் டோல்கேட்டுக்கும் நடுவுல நான் எப்பவும் தூங்கிடுவேன் மச்சி."

தப்பு அவங்க மேல இல்ல. சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. ரோட்டுல போற பஸ் எங்க ஊரை மதிச்சு நிக்கறதே பெரிய விஷயம். காலேஜ்ல டூர்னு பேச்செடுத்தா ரெண்டே பேர்தான் அடிபடும்: மகாபலிபுரம், இல்லன்னா பாண்டிச்சேரி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாவட்டமே இருக்குன்னு யாருக்கும் தோணறதில்ல.

இணையத்துல இப்ப ஒரு வகைக் கட்டுரை ரொம்பப் பிரபலம். பாரிஸ்ல உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பத்து இடம், ரோம்ல டூரிஸ்ட்டுகள் பார்க்காத பத்து சந்து... படிச்சிருப்பீங்க. பாஸ்போர்ட்டே இல்லாத நாமளும் உக்காந்து படிக்கிறோம். ஆனா வழி சொல்றதுங்கறது வெள்ளைக்காரன் கண்டுபிடிச்ச சமாச்சாரம் இல்லைங்க. சங்க இலக்கியத்துல அதுக்குன்னே ஆற்றுப்படைன்னு ஒரு வகை இருக்கு. பரிசு வாங்கிட்டு வர்ற கலைஞர், வறுமையில இருக்கிற இன்னொரு கலைஞருக்கு "இந்தப் பக்கமா போ, இன்ன ஊர் வரும், இன்ன சாப்பாடு கிடைக்கும்"னு வழி சொல்றது. அதுல ஒண்ணான சிறுபாணாற்றுப்படையை எழுதினவர் யார் தெரியுமா? இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு இன்னிக்கும் எங்க பக்கத்துல, செய்யூர் தாலுகாவுல ஒரு பேரூராட்சி. ஆக, இந்த வேலைக்கு எங்க ஏரியாவுக்குப் பரம்பரை உரிமையே இருக்கு :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல்ல இடங்களைச் சொல்றேன். அப்புறம், இதையெல்லாம் ஊரறியச் சொல்லலாமா கூடாதாங்கற சண்டைக்கு வருவோம். அதுதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான பாகம்.

1. மதுராந்தகம் ஏரிக்கரை

பஸ் ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போற ஏரி. கரை மேல ஏறி நடந்து பார்த்தாதான் அதோட அளவு புரியும். அண்மை வருஷங்கள்ல தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தற வேலை பெருசா நடந்தது. நல்ல மழைக்கு ஏரி நிறைஞ்சு கலங்கல் வழியா கிளியாத்துல தண்ணி விழற காட்சிக்கு ஊரே வேடிக்கை பார்க்கப் போகும்.

கரைக்குக் கீழேயே ஏரி காத்த ராமர் கோயில். கதை உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். 18-ஆம் நூற்றாண்டோட கடைசி வருஷங்கள்ல இங்க கலெக்டரா இருந்தவர் லயோனல் பிளேஸ். ஒரு மழைக்காலத்துல கரை உடையப் போகுதுங்கற நிலைமை. கரை நின்னா தாயார் சன்னதி கட்டித் தர்றேன்னு வேண்டிக்கிட்டார். ராத்திரி மழையில ரெண்டு பேர் வில்லோட கரையைக் காவல் காக்கறதைப் பார்த்தார்ங்கறது கதை. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா தாயார் சன்னதி கட்டினது கலெக்டர் பிளேஸ் துரையோட தருமம்னு சொல்ற கல்வெட்டு கோயில்ல இருக்கு, போய்ப் படிச்சுக்கலாம். ராமானுஜருக்குப் பெரிய நம்பி பஞ்ச சம்ஸ்காரம் பண்ணி வெச்சது இதே கோயில் மகிழ மரத்தடியிலதான்னு வைணவர்கள் சொல்றாங்க.

கடவுள் கதையை ஓரமா வெச்சாலும் எனக்கு இதுல பிடிச்ச விஷயம் ஒண்ணு உண்டு. ஒரு ஊர் தன் சாமிக்கு ஏரியைக் காப்பாத்தற வேலையைப் பேரா வெச்சிருக்கு. இதைவிடப் பெரிய சுற்றுச்சூழல் பாடம் எந்த சிலபஸ்ல இருக்கு?

2. கரிக்கிலி

வேடந்தாங்கலுக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. வேடந்தாங்கல்லேர்ந்து பத்து கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கு. வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர். கரிக்கிலி ரெண்டு ஏரியும் சேர்த்து சுமார் 61 ஹெக்டேர். 1989-ல சரணாலயமா அறிவிச்சாங்க. 2022-ல ரெண்டுக்குமே ராம்சர் ஈரநிலம்ங்கற சர்வதேச அந்தஸ்து கிடைச்சது. அந்தஸ்துல சமம், பரப்புல ரெண்டு மடங்கு, ஆனா கூட்டம்?

வேடந்தாங்கல்ல தண்ணிக்குள்ள நிக்கற கடப்ப மரங்கள் மேல கூடு கட்டற பறவைகள்தான் விசேஷம். கரிக்கிலியில வாத்து வகைகளும் சேத்துல அலகைவிட்டுத் துழாவற பறவைகளும் அதிகம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல சீசன். விடியக்காலையில போனா பறவைச் சத்தத்தைத் தவிர வேற எதுவும் காதுல விழாது. பைனாகுலர் இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. ஸ்பீக்கர் இருந்தா தயவுசெஞ்சு வீட்லயே வெச்சுட்டுப் போங்க.

3. உத்திரமேரூர்

எங்க ஊர்லேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர். குடவோலை முறைன்னு பத்தாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கினோமே, அந்தக் கல்வெட்டு இருக்கிற இடம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துது. 919, 921-ன்னு ரெண்டு கல்வெட்டு. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனைவிட்டு எடுக்கச் சொல்வாங்க.

காமர்ஸ் படிக்கற எனக்கு அதுல பிடிச்ச ஷரத்து வேற. ஏற்கெனவே வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவர் மறுபடியும் நிக்க முடியாது. அவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் நிக்க முடியாது! ஆடிட்டிங் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரு தடவை போய் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வரலாம்.

இதை உலகத்தோட முதல் ஜனநாயகம்னு மேடையில முழங்கறவங்க சொல்லாம விடற பகுதியும் அதே சுவர்ல இருக்கு. சொந்த நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், 35-லேர்ந்து 70-க்குள்ள வயசு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்து பிராமண சபையோட விதி. பெண்களுக்கோ, நிலத்துல உழைச்சவங்களுக்கோ அந்தக் குடத்துல ஓலை கிடையாது. பெருமைப்படற விஷயத்தையும் இடிக்கற விஷயத்தையும் ஒரே சுவர்ல பக்கத்துப் பக்கத்துல பார்க்க முடியறதுதான் நேர்ல போறதோட லாபம். பாடப் புத்தகத்துல ஒரு பாதிதான் வரும்.

4. வல்லம்

செங்கல்பட்டுலேர்ந்து திருக்கழுக்குன்றம் போற வழியில கொஞ்ச தூரத்துல ஒரு சின்னக் குன்று. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துலேர்ந்து வர்ற குடைவரைகள் மூணு இருக்கு. மகாபலிபுரத்துக்குப் பாட்டனார்னு வெச்சுக்கோங்களேன். இங்க இருக்கிற தமிழ்க் கல்வெட்டு, இதைச் செய்வித்தவன் மகேந்திரனுக்குக் கீழ்ப்பட்ட வயந்தப்பிரியரசனோட மகன் கந்தசேனன்னு சொல்லுது. ராஜா பேர் எல்லா இடத்துலயும் இருக்கும். குறுநிலத்தான் மகன் ஒருத்தன் பேர் 1400 வருஷமா பாறையில நிக்கறது இந்த மாதிரி இடங்கள்லதான். போன வேகத்துல திரும்பாம ஒரு பத்து நிமிஷம் குன்று மேல உக்காருங்க. செங்கல்பட்டு பக்கத்து ஏரியும் வயலும் காத்தும் இலவசம்.

5. சதுரங்கப்பட்டினம்

ஆங்கிலத்துல சட்ராஸ்னு போட்டிருப்பாங்க. கல்பாக்கத்துக்கு ஒட்டினாப்ல இருக்கு. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு டச்சுக் கோட்டை! உள்ள தானியக் கிடங்கு, யானை ஏற மேடை, 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரங்களோட கல்லறைகள். கல்லறை மேல செதுக்கியிருக்கிற எழுத்தும் சித்திரமும் அவ்வளவு நேர்த்தி. இந்த ஊர் மெல்லிய துணிக்காகத்தான் அவங்க கடல் தாண்டி வந்தாங்க. 1782 பிப்ரவரியில இந்தக் கடல்லதான் இங்கிலீஷ் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதிக்கிச்சு. 1824-ல லண்டன்ல போட்ட ஓர் ஒப்பந்தத்துல இந்தியாவுல இருந்த மத்த டச்சு இடங்களோட இதுவும் இங்கிலீஷ்காரங்க கைக்கு மாறிச்சு. யாரோ எங்கேயோ உக்காந்து கையெழுத்துப் போட்டா இங்க கொடி மாறுது. ஊர்க்காரங்களை யாரும் கேட்கல.

அப்படியே திருக்கழுக்குன்றம் மலையில இருக்கிற ஒருகல் மண்டபத்தையும் பார்த்துடுங்க. அந்தப் பல்லவர் குடைவரைச் சுவர்ல டச்சுக்காரங்க தங்கள் பேரைச் செதுக்கி வெச்சிருக்காங்க. நம்மாளு கோட்டைச் சுவர்ல ஆணியால இதயம் வரைஞ்சு அம்பு விடறான்னு திட்டறோமே, 350 வருஷம் முன்னாடியே இறக்குமதி ஆன பழக்கம் போல.

6. ஆலம்பரைக் கோட்டை

என்னோட முதல் மார்க் இதுக்குத்தான். ஈ.சி.ஆர்-ல மகாபலிபுரத்துலேர்ந்து சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, கடப்பாக்கத்துல இறங்கிக் கடல் பக்கம் போகணும். ஒரு பக்கம் கழிமுகம், ஒரு பக்கம் கடல், நடுவுல இடிஞ்ச செங்கல் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டோட கடைசியில முகலாயர் ஆட்சிக் காலத்துல எழும்பினது. 1750-ல முசாபர் ஜங் இதை பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குக் கொடுத்தார். 1760-ல இங்கிலீஷ் படை பிடிச்சு இடிச்சுப் போட்டது. அதுக்கு முன்னாடி இது துறைமுகம். ஜரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் இங்கேர்ந்து கப்பல் ஏறியிருக்கு. நாணயம் அடிக்கிற சாலையும் இருந்தது. ஆலம்பரை வராகன்னு நாணய ஆராய்ச்சி புத்தகங்கள்ல பேர் வரும்.

யோசிச்சுப் பாருங்க. எக்ஸ்போர்ட் துறைமுகம், சொந்த நாணயம், ரெண்டு ஐரோப்பிய வல்லரசுகளோட போட்டி. இன்னிக்கு அங்க நாலு படகும் ஆட்டு மந்தையும் சீமைக் கருவேலமும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அந்தச் செங்கல் சிவப்பு ஆகறதைப் பார்த்தா வர்ற உணர்ச்சியை எந்த போட்டோவும் சொல்லாது.

இனிமேல்தான் சண்டை.

"இதையெல்லாம் எழுதி வைக்காதே, கூட்டம் வந்து கெடுத்துடும்"னு சொல்ற கட்சி ஒண்ணு இருக்கு. என் நண்பர்கள் வட்டத்துலயே இருக்கு. அவங்க சொல்றதுல நியாயமும் இருக்கு. ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட்னு ஒரு குட்டி ஊர். செல்ஃபி எடுக்க வர்ற கூட்டம் தாங்காம 2023-ல ஏரியே தெரியாதபடி மரத்தடுப்பு வெச்சுப் பார்த்தாங்க. வெனிஸ் நகரம் 2024-லேர்ந்து கூட்டமான நாட்கள்ல பகல்ல வந்துட்டுப் போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணம் வாங்குது. சதுரங்கப்பட்டினத்துல படுத்திருக்கிறாங்களே, அந்த டச்சுக்காரங்களோட தலைநகர் ஆம்ஸ்டர்டாம் 2023-ல குடிச்சுக் கும்மாளம் போட வர்ற வெளிநாட்டு இளைஞர்களைப் பார்த்து "வராதீங்க"ன்னே விளம்பரம் கொடுத்தது. ஒரு காலத்துல அழைக்காமலே நம்ம ஊருக்கு வந்தவங்க ஊர்ல இப்ப இந்த நிலைமை!

ஆனா நம்ம வியாதி அது இல்லைங்கறது என் கட்சி. 2021-22-ல, கொரோனா சமயத்துல, தொல்லியல் துறை டிக்கெட் போடற இடங்கள்ல வெளிநாட்டுக்காரங்க அதிகமா வந்தது மாமல்லபுரத்துக்கு. சுமார் 1.44 லட்சம் பேர். தாஜ்மகாலையே தாண்டிடுச்சு. அங்கேர்ந்து ஒரு மணி நேரத் தூரத்துல ஆலம்பரை. அங்க டீக்கடை வெச்சா போணி ஆகுமான்னு சந்தேகம். ஒரு இடத்துல இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டுது, பக்கத்து இடத்துக்கு ஆளே இல்ல. எகனாமிக்ஸ் வாத்தியார்கிட்ட கேட்டா இது பங்கீட்டுப் பிரச்சனைன்னு ஒரே வரியில சொல்லிடுவார். கூட்டத்தைக் கொஞ்சம் கலைச்சுவிட்டா ரெண்டு பக்கத்துக்கும் நல்லது.

அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாத இடம் பத்திரமா இருக்கும்ங்கறது ஒரு மாயை. தெரியாத இடத்தைக் கேட்க நாதி இருக்காது. செங்கல் ஒவ்வொண்ணா பெயர்ந்து போகும், பாட்டில் உடையும், சுவர்ல பெயின்ட்ல பேர் ஏறும். ஒருநாள் "இங்க ஒரு கோட்டை இருந்தது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

எதிர் உதாரணமும் எங்க தாலுகாவுலயே இருக்கு. 18-ஆம் நூற்றாண்டோட கடைசியில இங்கிலீஷ் சிப்பாய்கள் வேடந்தாங்கலுக்கு வந்து பறவைகளைச் சுட்டப்ப, கிராமத்துக்காரங்க வாயை மூடிக்கிட்டு இருக்கல. கலெக்டர்கிட்ட போனாங்க. பறவை எச்சம் விழற ஏரித் தண்ணி வயலுக்கு உரம், இதுல எங்க வெள்ளாமை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். பறவைகளைக் காக்கற உரிமைக்குக் கவுல் எழுதி வாங்கிட்டு வந்தாங்க. கொடுத்த கலெக்டர் யாரு? ஏரி காத்த ராமர் கதையில வர்ற அதே லயோனல் பிளேஸ். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்னு வேடந்தாங்கலை இன்னிக்கும் சொல்றோமே, அந்தப் பழக்கத்தோட வேர் அங்க இருக்கு.

2020-ல சரணாலயத்தோட எல்லையை 5 கிலோமீட்டர்லேர்ந்து 3 கிலோமீட்டரா சுருக்கற யோசனை வந்தப்ப எவ்வளவு எதிர்ப்புன்னு ஞாபகம் இருக்கா? சின்ன வயசுல அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கரையில நடந்து கொக்கு நாரை பார்த்தவங்க தமிழ்நாடு முழுக்க இருந்தாங்க. அதனாலதான் அந்தக் குரல் எழும்பிச்சு. பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது. இதே யோசனை கரிக்கிலிக்கு வந்திருந்தா எத்தனை பேர் பேசியிருப்போம்? பேர் தெரிஞ்சாதானே பேசறதுக்கு!

அக்கவுண்டன்சி பாஷையில சொன்னா, பேலன்ஸ் ஷீட்ல ஏறாத சொத்து காணாமப் போனா நஷ்டக் கணக்குலகூட வராது. முதல்ல அதை ஏட்டுல ஏத்தணும். நான் இங்க பண்றது அந்தப் பதிவுதான்.

சும்மா விளம்பரம் பண்ணிட்டு ஓடிப் போறதும் தப்பு. அதனால போறவங்களுக்கு உள்ளூர்க்காரங்க சார்பா சில ஷரத்து. உத்திரமேரூர் கல்வெட்டு மாதிரி கடுமையா இருக்காது, பயப்படாதீங்க.

ஒண்ணு, முடிஞ்ச வரைக்கும் பஸ்லயோ ரயில்லயோ வாங்க. தாம்பரம்–விழுப்புரம் பாசஞ்சர் எங்க ஊர்ல நிக்கும். ரெண்டு, அந்தந்த ஊர்ல சாப்பிடுங்க, அந்தந்த ஊர் ஆட்டோவுல போங்க. பொட்டலம் கட்டிட்டு வந்து பொட்டலத்தை மட்டும் விட்டுட்டுப் போனா ஊருக்கு என்ன வரவு? மூணு, பறவை இருக்கிற இடத்துல சத்தமும் ட்ரோனும் வேண்டாம். நாலு, கோட்டைச் சுவர் மேல ஏறாதீங்க, பேர் எழுதாதீங்க. கந்தசேனன் பேர் நிக்கறது அவன் ஒரு கோயிலைச் செஞ்சதால. அஞ்சு, ஆலம்பரையில கடல் அமைதியா தெரிஞ்சாலும் ஆழம் பார்க்க இறங்காதீங்க. கழிமுகத்து நீரோட்டம் பொல்லாதது, மீனவர் சொல்றதைக் கேளுங்க.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோடி ரூபாய் திட்டம் எல்லாம் அப்புறம். மெயின் ரோட்டுல ஒரு நல்ல வழிகாட்டிப் பலகை, கழிப்பறை, குப்பைத் தொட்டி, அந்த ஊர்ப் பையனோ பொண்ணோ ஒருத்தருக்குக் காவலும் கைடும் சேர்ந்த ஒரு வேலை. இது போதும். கான்கிரீட் யானை சிலையும் கலர் ஃபவுண்டனும் வேண்டவே வேண்டாம். அழகுபடுத்தறோம்னு ஆரம்பிச்சு அழிச்ச இடங்கள் நம்ம நாட்டுல நிறைய.

செமஸ்டர் லீவு வருது. ஒரே நாள்ல ஆறையும் முடிக்கணும்னு லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. ஒண்ணே ஒண்ணு போதும். நவம்பர்னா கரிக்கிலி, மத்த மாசம்னா ஆலம்பரை. தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க. காலி பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க. உங்க ஊர்லயும் இப்படி யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதையும் சொல்லுங்க, ஏட்டுல ஏத்திடலாம்.